சுவரில் முடியும் படிகள்

22 வருடமாக நான் நடந்து திரிந்த தரையின் அடிப்பக்கத்தைப் போன வருடம் மாசி மாதத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கீழ்க்கடையை எடுத்திருந்த தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே ஏறி டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். புகையும் மண்ணெண்ணெய் ஆவியும் படிந்து மஞ்சள் பூத்த சாந்தில் முந்திரிகைக் குலைகள் தெரிந்தன. குலையைச் சுற்றி இலை, இலையைச் சுற்றிக் கொடி. ஒரு மூலையில் ஈரம் பட்டு, கையகலத்துக்குச் சாந்து விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்குள்ளே வரிசையாக மரச் சலாகைகள். சலாகைகளுக்கு இடையால் பிதுங்கி மேலே போய், அங்கேயே மடிந்து கொளுவிக்கொண்ட சாந்துக் கட்டிகள். சாந்துக்குள் மயிர். மாட்டு மயிரோ ஆட்டு மயிரோ, சுண்ணாம்பு வெடிக்காமல் பிடித்துவைப்பதற்காக அந்தக் காலத்தில் கலப்பார்கள். அந்தக் குலைகளுக்கு நேர்மேலேதான் என் கட்டில் கிடக்கிறது.

“அக்கா, இதைக் கழட்ட விடமாட்டினமாம். மூடவும் விடமாட்டினமாம். ஆனா இதுக்குள்ளாலதான் சத்தம் முழுக்க மேல வரும்” என்றான் தம்பி.

எங்கள் கட்டடம் தெற்கு லண்டனில், விக்டோரியா மகாராணியின் கடைசிக் காலத்தில் கட்டிய ஒரு கடை வரிசையில் இருக்கிறது. கீழே கடை, மேலே இரண்டு மாடி வீடுகள். இரண்டாம் தரப் பட்டியலிடப்பட்ட கட்டடம். பட்டியலில் ஏறினால் முகப்பு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் உட்கூரை, படிக்கட்டு, கதவு எல்லாவற்றுக்கும் அந்தக் காவல் சேரும். கவுன்சிலின் சம்மதம் இல்லாமல் தொட முடியாது. வளைந்த கண்ணாடி, அதன் கீழே பச்சைப் பளிங்கோடு பதித்த அடிச்சுவர், இரண்டு பக்கமும் தூண், உள்வாங்கிய வாசலில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னக் கல் பதித்த தரை. தெருவால் போகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள். படத்தில் கடைப் பலகையோடு கட்டடம் முடிந்துவிடும். அதற்கு மேலே இருக்கும் என் யன்னல் யாருடைய படத்திலும் வந்ததாக நான் பார்க்கவில்லை.

என் வீட்டு நடையில் காஸ் மீற்றர் இருக்கும் அலுமாரியைத் திறந்தால் மூன்று படிகள் கீழே இறங்கும். மூன்றாவது படியில் செங்கல் சுவர். குடிவந்த புதிதில் அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒருகாலத்தில் அது கடைக்கு இறங்கும் படிக்கட்டு. கடைக்காரக் குடும்பம் மேலே இருந்து சமைத்துச் சாப்பிட்டு நித்திரை கொண்டது. விடிய எழும்பி, இந்தப் படியால் இறங்கிக் கடையைத் திறந்தது. மேல்வீடும் கீழ்க்கடையும் ஒரே வீடு. பின்னொரு காலத்தில் மேலே தனி, கீழே தனி என்று பிரித்து வாடகைக்கு விட்டபோது, யாரோ ஒரு மேசன் அரைநாளில் இந்தச் சுவரைக் கட்டியிருக்கிறான்.

சத்தப் பிரச்சினை பிறந்த இடம் இந்தச் சுவர்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்கு முன்னரும் கடையில் சத்தம் இருந்தது. பீப்பாய் உருட்டினார்கள், பெட்டி உடைத்தார்கள், கணக்குத் தீராமல் சண்டை பிடித்தார்கள். ஆனால் சத்தம் போட்டவனும் அதைக் கேட்டுப் படுத்தவனும் ஒரே ஆள். கீழே பீப்பாயை எறிந்தால் மேலே தொட்டிலில் கிடக்கும் தன் பிள்ளைதான் எழும்பும் என்பது அவனுக்குத் தெரியும். எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் கடிதம் எழுதத் தேவையில்லாமல் இருந்தது.

இங்கிலாந்தில் ஒருகாலத்தில் கடைக்கு மேல் வாழ்வது ஏழை எளியவர்களின் வாழ்க்கையாக மட்டுமல்ல, நடுத்தர வணிகர்களின் சாதாரண வாழ்க்கையாகவும் இருந்தது. 1925இல் பிறந்த மார்கரெட் தாட்சர் கிரந்தம் என்ற ஊரில் தகப்பனின் பலசரக்குக் கடைக்கு மேலேதான் வளர்ந்தார். கடையின் முகம் பெருத்தது அதற்கு நெடுங்காலம் முன்னர்: 1845இல் கண்ணாடி மீதான தீர்வையையும் 1851இல் யன்னல் வரியையும் எடுத்துவிட்ட பிறகு, சின்னச் சின்னச் சட்டங்களாக இருந்த கடை யன்னல்கள் அகன்ற ஒற்றைக் கண்ணாடிகளாக மாறின. கண்ணுக்கான கடை வளர்ந்தது. காதுக்கோ, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது அதே பலகை, அதே சலாகை, அதே சாந்து.

எனக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணம் பெரியகடையில் என் மாமாவின் கடைக்கு நிரைப்பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் மையால் இலக்கம் எழுதியிருக்கும். 1 தொடங்கி ஒழுங்காகச் செருகிக்கொண்டு போனால்தான் கடைசிப் பலகை இறங்கும். பள்ளிக்கூட விடுமுறையில் போய் மேல்மாடியில் படுக்கும்போது, கீழே பலகை பலகையாக இறங்கும் சத்தத்தை எண்ணுவேன். கடைசிப் பலகை விழுந்து குறுக்குச் சட்டம் ஏறினால், இனி மாமா மேலே வருவார், மாமி சோறு போடுவா. அந்தச் சத்தத்தை யாரும் இரைச்சல் என்று சொல்லிக் கேட்டதில்லை. அது வீட்டுக்குச் சொந்தமான சத்தம்.

தம்பி வருவதற்கு முன்னர் கீழே ஹாட்வெயார் கடை இருந்தது. கடைக்காரப் பெரியவர் ஆங்கிலேயர், மனைவியை இழந்தவர், இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஆணியை இறாத்தல் கணக்கில் தராசுத் தட்டில் கொட்டுவார். திறப்பு வெட்டும் இயந்திரம் கீச்சிடும். எனக்கு அது காலநேரம் சொல்லும் மணியாக இருந்தது. விடிய 8 மணிக்குப் பின்வாசலால் உள்ளே வந்து, முன்வாசல் இரும்புக் கதவின் தாழ்ப்பாளைத் தூக்குவார். அந்தியில் 5.30க்கு அது திரும்பக் கல்லுக் குழியில் விழும். பாரமான இரும்பு, சுற்றிவரக் கல்லு. அந்த ‘டங்’ சுவர் வழியாக ஏறி என் நடைக்கு வரும்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் தாழ்ப்பாள் எழும்பவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்து முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இறங்கிப் போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளே லைட் எரிந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு சப்பாத்துத் தெரிந்தது. அம்புலன்ஸ் வந்து, பின்கதவை உடைத்து எடுத்தார்கள். பக்கவாதம். பிறகு நான்கு வருடம் முதியோர் இல்லத்தில் இருந்து செத்தார். தாதிமார் சொன்னார்களாம், இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று. நான் கெட்டிக்காரத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு சத்தம் வரவில்லை என்பது எனக்குக் கேட்டது, அவ்வளவுதான்.

கடை வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. பிறகு இந்தத் தம்பி வந்தான். வடமராட்சிப் பொடியன். படிக்க வந்து, பத்து வருடம் மற்றவர்களின் குசினிகளில் நின்று, காசு சேர்த்தவன். காலையில் கோப்பி, மத்தியானம் சோறு, பின்னேரம் அப்பம். இரவு 11 வரை. பியர், வைன் விற்க லைசென்ஸ். முகப்பையும் உட்கூரையையும் பழையபடி திருத்தி எடுப்பதாகச் சொன்னான். கட்டடத்தை உண்மையாகவே விரும்பினான், அது எனக்கு அவன் தூணைத் தடவிய விதத்தில் தெரிந்தது.

முன்கண்ணாடியில் வெளிர்நீலத் தாள் ஒட்டியபோது மேல்வீடுகளில் எல்லாருக்கும் நெஞ்சு இடித்தது. லைசென்ஸ் விண்ணப்பத்தை இந்த நாட்டில் நீலத் தாளில்தான் ஒட்ட வேண்டும். 28 நாளைக்குள் அயலவர்கள் தங்கள் ஆட்சேபத்தை எழுதலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் நான்கு நோக்கங்களில் ஒன்று பொதுத் தொல்லையைத் தடுப்பது. இந்த ஒரு வாசலாவது எங்களுக்குத் திறந்திருந்தது. மற்ற வாசல்கள் அப்படியல்ல. 2020 செப்டம்பருக்குப் பிறகு இங்கிலாந்தில் சில்லறைக் கடையும் உணவகமும் ஒரே வகுப்புக்குள் வந்துவிட்டன. ஆணி விற்ற இடத்தில் அப்பம் விற்கப் பிளானிங் அனுமதி தேவையில்லை, அயலவரிடம் கேட்கவும் தேவையில்லை. பட்டியல் கட்டடத்துக்கான சம்மதம் வேறு. அதற்கு எழுதலாம். ஆனால் அங்கே கட்டடத்தின் வரலாற்று மதிப்பைப் பற்றி எழுதினால்தான் கணக்கில் எடுப்பார்கள். முந்திரிகைக் குலைக்குச் சேதம் வருமா என்று கேட்கலாம், என் நித்திரைக்குச் சேதம் வருமா என்று அங்கே கேட்க முடியாது.

கண்ணுக்கு ஒரு மேசை, காதுக்கு ஒரு மேசை. இரண்டு மேசையிலும் இருக்கும் அதிகாரிகள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சாந்து ஒரே நேரத்தில் கீழே அழகாகவும் மேலே தரையாகவும் இருக்கிறது என்பதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

சத்தத்தைப் பற்றி இந்த ஊரில் சொல்லும் பழைய வழக்கு ஒன்று உண்டு. சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். விக்மோர் தெருவில் பிரிட்ஜ்மன் என்ற இனிப்புக்காரர். அவருடைய குசினியில், பின்சுவரோடு சேர்த்துக் கட்டிய இரண்டு பெரிய கல்லுரல்கள். கட்டிச் சீனியை அதில் போட்டு இடிப்பார்கள். 20 வருடத்துக்கு மேலாக இடித்து வந்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து விம்போல் தெருவில் 1865இல் ஸ்டேர்ஜஸ் என்ற வைத்தியர் வீடு வாங்கினார். அவருக்கும் முதலில் தொல்லையில்லை, நடுவில் தோட்டம் இருந்தது. 1873இல் அந்தத் தோட்டத்தின் கோடியில், இனிப்புக்காரரின் சுவரை ஒட்டியே, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். நோயாளியின் நெஞ்சில் காதை வைத்து மூச்சைக் கேட்க முடியவில்லை, உரல் இடிக்கிறது. வழக்குப் போட்டார். 1879இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வைத்தியர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இத்தனை வருடம் இடித்தேனே என்ற இனிப்புக்காரரின் வாதம் எடுபடவில்லை. அங்கே கேட்க ஆள் இல்லாதவரைக்கும் தொல்லை இல்லை, தொல்லை இல்லாத காலத்தை உரிமைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றது நீதிமன்றம்.

நான் இந்த வழக்கைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் தங்கள் தொழிலைத்தான் செய்தார்கள். ஒருவர் கையால் இடிக்க வேண்டும், ஒருவர் காதால் கேட்க வேண்டும். 1960இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் இதே வழக்கை எடுத்து எழுதினார். தீங்கு ஒரு பக்கத்தால் மட்டும் வருவதில்லை, இனிப்புக்காரரை நிறுத்தினால் அவருக்குத் தீங்கு, விட்டால் வைத்தியருக்குத் தீங்கு, இருவரும் பேரம் பேசத் தடையில்லையென்றால் யாருக்கு அது பெறுமதி கூடியதோ அவர் பக்கம் முடியும் என்பது அவர் சொன்னதன் சாரம். 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரையின் முதல் பாதியை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். தீங்கு இரண்டு பக்கமும் இருக்கிறது என்று ஒருவர் தெளிவாகச் சொன்னது பெரிய காரியம். பேரத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. இரவுவேலை செய்யும் ஒரு தாதி தன் நித்திரைக்கு விலை சொல்ல வேண்டும் என்றால், அவளிடம் என்ன காசு இருக்கிறது என்பதும் அந்த விலைக்குள் வந்துவிடும்.

காசு உள்ளவர்கள் பேரம் பேசியிருக்கிறார்கள். எலிபன்ட் அன்ட் காசில் பகுதியில் 1991 முதல் நடக்கும் மினிஸ்ட்ரி ஒஃப் சவுண்ட் என்ற இசைக்கூடத்துக்கு எதிரே தொடர்மாடி கட்ட வந்தார்கள். நாளைக்குக் குடிவருபவர்கள் முறைப்பாடு எழுதிக் கூடத்தை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் வருடக்கணக்காக இழுபட்டு, 2014இல் ஓர் உடன்படிக்கை வந்தது. கூடத்தின் சத்தத்துக்கான உரிமையை அந்த வீடுகளின் உறுதியிலேயே எழுதிவிட்டார்கள். 2018இலிருந்து இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையிலும் அந்த எண்ணம் இருக்கிறது. மாற்றத்தைக் கொண்டுவருபவரே அதன் பாதிப்பைத் தாங்கும் ஒழுங்கைச் செய்ய வேண்டும். நியாயமான கொள்கை. வைத்தியர் ஸ்டேர்ஜஸ் காலத்தில் இது இருந்திருந்தால் அவர் அறையைத் தோட்டத்தின் இந்தக் கோடியில் கட்டியிருப்பார், இனிப்புக்காரரும் இடித்துக்கொண்டு இருந்திருப்பார்.

வாடகை ஒப்பந்தங்களில் ‘அமைதியான அனுபோகம்’ என்று ஒரு வாசகம் இருக்கும். முதல்முதல் கையெழுத்து வைத்தபோது அது சத்தமில்லாத வீடு தருகிறோம் என்ற வாக்கு என்று நம்பினேன். அது அப்படியல்ல. உன் குடியிருப்பில் வந்து யாரும் தலையிட மாட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். 1999இல் சதாக் கவுன்சிலின் தொடர்மாடிக் குடியிருப்பாளர்கள் அண்டை வீட்டின் சாதாரண நடமாட்டமெல்லாம் கேட்கிறது என்று பிரபுக்கள் சபை வரைக்கும் போய்த் தோற்றார்கள். சுவர் மெல்லியது என்பது யாருடைய குற்றமும் அல்ல என்பதுபோல் முடிந்தது அது. அயலவன் சாதாரணமாக வாழ்கிறான், வீட்டுக்காரர் அந்த வீட்டை அப்படித்தான் தந்தார்.

எனக்கு இதில் சொந்தப் பாடம் உண்டு. இங்கே வருவதற்கு முன்னர் கிழக்கு லண்டனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் இருந்தேன். புகை இழுக்கும் விசிறியை என் படுக்கையறைச் சுவரிலேயே முறுக்கியிருந்தார்கள். விசிறியின் சத்தத்தைவிட அதன் அதிர்வு கொடியது. தலையணையில் காதை வைத்தால் சுவர் பேசும். கடிதம் எழுதினேன். ஒரு பிள்ளை கருவி கொண்டுவந்து அளந்தது. எல்லைக்குள் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வீட்டை விட்டு வரும்வரை நான் ஒருநாளும் விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை. ஆகவே நீலத் தாளைப் பார்த்தபோது ஆட்சேபம் எழுத முதலில் பேனை எடுத்தது நான்தான்.

அதை அனுப்புவதற்கு முன்னரே தம்பி மேலே வந்து கதவைத் தட்டினான். எல்லாரையும் கடைக்குக் கூப்பிட்டான். பெயின்ற் வாளிகளைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்தோம், கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி. பக்கத்து வீட்டுத் தாதி இரவுவேலை, பகலில் படுப்பவள். சட்டத்தில் இரவென்பது 11இலிருந்து 7 வரை. அவளுடைய இரவு விடிய 9க்குத் தொடங்குகிறது. மேல்மாடியில் காதுக்கருவி போட்ட பெரியவர். ஃபிரிட்ஜ் உறுமுவதுபோன்ற தாழ்ந்த சத்தத்தைக் கருவி பெருப்பித்துக் கொடுக்கும் என்றார். இன்னொரு வீட்டில் கைக்குழந்தை. பாட்டு, குடித்துவிட்டு வாசலில் நின்று கதைப்பவர்கள், நடுச்சாமத்தில் போத்தல்களைத் தொட்டிக்குள் கொட்டுவது. ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லத் தம்பி கொப்பியில் எழுதினான். தாதி கடைசியாகக் கேட்டாள்: நாங்கள் உன்னைக் கூப்பிட்டால் போனை யார் எடுப்பார்கள்? அந்தக் கேள்விக்காகத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள் என்று எனக்குப் பட்டது.

அவன் தன் சொந்த இலக்கத்தை எழுதிக் கொடுத்தான்.

பிறகு ஒலியியல் பொறியாளர் ஒருவர் வந்தார். கீழே பெரிய பெட்டி ஒன்றை வைத்து ஆற்றுவெள்ளம்போல் இரைய விட்டு, மேலே என் அறையில் நின்று அளந்தார். 2003க்குப் பிறகு கட்டடங்களைப் புதிதாக வீடாக மாற்றும்போது, தரையும் சுவரும் குறைந்தது 43 டெசிபெல் சத்தத்தைத் தடுக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் விதி. எங்களுடையது ஏற்கனவே வீடு என்பதால் அந்த விதி இங்கே கட்டாயமில்லை, ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் தரை அதைக்கூட எட்டவில்லை. 10 டெசிபெல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு போலத் தெரியும் என்று விளக்கினார். உயர்ந்த குரலைப் பலகையும் சாந்தும் ஓரளவு மறித்துவிடும், தவிலின் தொப்பிபோலத் தாழ்ந்து ஒலிப்பதைத் தடுக்கப் பாரம் வேண்டும்.

பழைய ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. தரைப் பலகைக்கும் உட்கூரைக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் சாம்பல், மணல், சுண்ணாம்புக் கழிவு என்று பாரமானதைக் கொட்டி நிரப்புவார்கள். சில இடங்களில் கடற்சிப்பிகூட. ஸ்கொட்லாந்தில் அந்த நிரப்பலுக்குச் ‘செவிடாக்கல்’ என்று பொருள்படும் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். தரையைச் செவிடாக்குவது. எங்கள் தரையிலும் சாம்பல் இருந்தது. ஆனால் குழாய் போட்டவர்கள், வயர் இழுத்தவர்கள் ஒவ்வொருவரும் திறந்து அள்ளி எறிந்து, பாதிக்குமேல் காலி.

பின்னாலுள்ள குசினியில் அலங்காரம் இல்லை. அங்கே கீழிருந்தே வேலை செய்யலாம்: பழைய வளைகளைத் தொடாமல், சுவரிலிருந்து சுவருக்குத் தனி மரம் போட்டு, ராக்வூல் என்று வேலைகாரர் சொல்லும் பாறைப்பஞ்சு அடைத்து, பிளாஸ்டர்போர்ட்டை இரண்டு அடுக்காக அடித்து, விளிம்பெல்லாம் பசையால் மூடிவிடுவது. ஊசித்துளை அளவு இடைவெளி போதும், அவ்வளவு செலவும் வீண் என்றார் பொறியாளர். முன்பக்கம்தான் சிக்கல். முந்திரிகைக் குலையைக் கீழிருந்து மூட முடியாது. அப்படியென்றால் மேலிருந்துதான் செய்ய வேண்டும்.

மேலே என்றால் என் வீடு.

தம்பி அதைக் கேட்க வந்தபோது வாசலிலேயே நின்றான். “அக்கா, உங்கட தரையைக் கிளப்ப வேணும். ரெண்டு கிழமை. எனக்குக் கேக்கவே கூச்சமாக் கிடக்கு.”

சத்தம் போடப்போகிறவனுக்கு வேண்டியது சத்தம் கேட்கப்போகிறவளின் தரை. எந்த வழக்கிலும் நான் இதைப் படிக்கவில்லை. கட்டிலை நடைக்கு இழுத்தோம். பலகைகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி, பின்பக்கத்தில் சோக்கால் இலக்கம் எழுதிச் சுவரோரம் சாய்த்தார்கள். 1, 2, 3. நான் அந்த இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மாமாவின் நிரைப்பலகை. சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கொண்டை ஊசி, ஒரு கண்ணாடிப் போளை, எழுத்து அழிந்த கடைச் சிட்டை ஒன்று. போளையை எடுத்து அலம்பி வைத்திருக்கிறேன். மேலே விளையாடிய பிள்ளையின் கையிலிருந்து உருண்டு, பலகை இடுக்கால் கடைக்காரத் தகப்பனின் தலைக்கு மேலே போய் நின்ற போளை.

பழைய சாந்தின் முதுகில் பாரம் ஏற்றக்கூடாது, அது சலாகையில் கொளுவிக்கொண்டு தொங்குவது. ஆகவே வளைகளின் பக்கவாட்டில் சட்டம் அடித்து, அதன்மேல் பலகை வைத்து, பாரத்தை அங்கே ஏற்றினார்கள். வளைகள் தாங்குமா என்று முதலில் ஒரு கட்டட எந்திரி வந்து கணக்குப் பார்த்தார். அதற்கு மேலே இறப்பர்போன்ற ஒரு விரிப்பு, அதன்மேல் பழைய பலகைகள் அதே ஒழுங்கில். தரை இரண்டு விரல் உயர்ந்தது. கதவுகளின் அடியைச் சீவ வேண்டியிருந்தது. இன்றைக்கும் நடையிலிருந்து அறைக்குள் போகும்போது அந்த இரண்டு விரலில் என் பெருவிரல் தட்டுப்படும்.

வேலை முடிந்த இரவில் நான் கட்டிலில் படுத்துக்கொண்டேன், போன் காதில். தம்பி கீழே பாட்டைப் போட்டான்.

“கேக்குதோ அக்கா?”

“இல்லை.”

“இப்ப?”

“பாட்டுக் கேக்கேல்லை. ஆனா டொக் டொக்கெண்டு ஒண்டு கேக்குது.”

கீழே கொஞ்ச நேரம் மௌனம். பிறகு சிரித்தான். கோப்பி போடும் பிள்ளை அன்றைக்குப் பழக வந்திருந்தாள். கோப்பித் தூளை எடுத்த பிறகு கைப்பிடியை ஒரு கம்பியில் அடித்துச் சக்கையைத் தட்டுவார்கள். அந்தக் கம்பி மேசையோடு, மேசை சுவரோடு, சுவர் என் கட்டிலோடு. காற்றில் வரும் சத்தத்தை மறிக்க அத்தனை பாரம் போட்டோம், இது கட்டடத்தின் எலும்பு வழியாக ஏறி வந்தது. அடுத்தநாள் மேசையைச் சுவரிலிருந்து பிரித்து, கால்களுக்கு இறப்பர் வைத்தான். ஒலிபெருக்கியை உட்கூரையில் தொங்கவிடாமல் கீழே நிறுத்தினான். கதிரைக் கால்களுக்குத் துணி ஒட்டினான். போத்தல்களைக் கொட்டுவது அடுத்தநாள் பின்னேரம், தாதி எழும்பிய பிறகு. லைசென்ஸில் இதில் பாதி நிபந்தனையாக இருக்கிறது, மீதியை எவரும் கேட்கவில்லை.

ஆட்சேபக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. ஆனால் அது எழுதத் தகுந்த கடிதம்தான். தம்பி படியேறி வராமல் விட்டிருந்தால் அனுப்பியிருப்பேன், அனுப்பியதற்கு வருந்தியும் இருக்க மாட்டேன். பழைய கடைக்கு உயிர் கொடுப்பவர்களைத் தடுக்கும் முறைப்பாட்டுக்காரர்கள் என்று எங்களைப்போன்றவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மேலே படுப்பவர்களும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதான். அந்தச் சாந்து இத்தனை வருடம் விழாமல் இருந்தது, மேலே ஆட்கள் குடியிருந்து கூரை ஒழுகினால் கூப்பாடு போட்டதால்தான். ஆளில்லாத மாடிகளுக்குக் கீழே எத்தனை நல்ல உட்கூரைகள் ஈரத்தில் ஊறி விழுந்திருக்கின்றன.

கடைசியாக வாசல் இரும்புக் கதவுக்கு வந்தான். தாழ்ப்பாள் விழும் கல்லுக் குழிக்குள் ஒரு இறப்பர் உறை போட்டுவிட்டால் அதுவும் அடங்கிவிடும் என்றான். நான் ஹாட்வெயார் கடைப் பெரியவரின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுத் தாதியிடம் போய்க் கேட்டான். அவளுடைய படுக்கையறை பின்பக்கம், அங்கே அது எட்டாது. காதுக்கருவிப் பெரியவர் படுக்கும்போது கருவியைக் கழற்றிவிடுவார். குழந்தையின் தாய் மட்டும் பத்து நாள் பார்ப்போம் என்றா. பத்து நாளுக்குப் பிறகு பரவாயில்லை என்று சொல்லிவிட்டா. குழி அப்படியே இருக்கிறது.

போன கிழமை வெள்ளிக்கிழமை. 11 தாண்டி, 11.30 தாண்டி, 11.40 ஆகியும் தாழ்ப்பாள் விழவில்லை. கீழே ஒரு சத்தமும் இல்லை. நான் எழும்பி, நடைக்குப் போய், அலுமாரியைத் திறந்து அந்த மூன்று படிக்குக் கிட்ட நின்று கேட்டுப் பார்த்தேன். பிறகு போனை எடுத்தேன்.

“தம்பி, என்ன செய்யிறீர்?”

“மா கரைச்சு வைக்கிறன் அக்கா. நாளைக்கு ஒரு பிறந்தநாள், ஆக்கள் கூட. ஏன், சத்தம் கேக்குதோ?”

“இல்லை. கேக்கேல்லை. அதுதான் எடுத்தனான்.”

“இந்தா, பூட்டிறன்.”

நான் படுக்கப் போகவில்லை. அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் கீழே இரும்பு கல்லில் விழுந்தது.